கொசுவின் வயிற்றுக்குள் பத்து நாள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “சார், விடியும் முன்னே தோட்டத்துக்குள் இறங்கினால் குறைந்தது நூறு கொசுவாவது என்னைக் கடிக்கும். கொசு கடித்தால் காய்ச்சல் வரும் என்றால் எனக்குத் தினமும் அல்லவா வர வேண்டும்? இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் டெங்கு வந்தது. அப்படியானால் கொசுவால்தான் வருகிறது என்பது உண்மைதானா?”

நான் பள்ளியில் உயிரியல் நடத்தியவன். ‘கொசுக்கடியால் மலேரியா, டெங்கு பரவுகிறது’ என்ற ஒரு வரியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவருடைய கேள்விக்கு அந்த வரி போதாது. கடிக்கும் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் நிறைய நடக்கிறது. அது தெரிந்தால், எந்த இடத்தில் கை வைத்தால் நோய் அறுந்து போகும் என்பதும் தெரியும். எனவே அடியிலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஈ. சக்கைப்பழம் பழுத்து விழும் மாதங்களில் நம் வீட்டு முற்றத்திலும், கடற்கரை ஊர்களில் கருவாடு காயும் மணலிலும் ஈ மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு ஈக்குக் கடிக்கும் வாய் கிடையாது. அதன் வாய் பஞ்சு போன்றது. திரவத்தை மட்டுமே உறிஞ்ச முடியும். ஒரு துண்டு பலகாரத்தின் மேல் உட்கார்ந்தால், தன் எச்சிலையும் முன்பு விழுங்கியதில் கொஞ்சத்தையும் அதன்மேல் கக்கி, கரைத்து, பிறகு உறிஞ்சுகிறது. முன்பு விழுங்கியது எங்கிருந்து வந்தது என்பதுதான் பிரச்சினை. சாணக் குவியல், சாக்கடை, திறந்த வெளியில் கிடக்கும் மலம். காலிலும் உடம்பிலும் உள்ள மயிர்களில் ஒட்டியது வேறு. சீதபேதி, டைபாய்டு, காலரா ஆகியவற்றின் கிருமிகள் இப்படித்தான் தட்டுக்கு வந்து சேர்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கிருமிக்கு ஈ அவசியமில்லை. கெட்ட தண்ணீர் வழியாகவும் கழுவாத கை வழியாகவும் அது வந்துவிடும். ஈ வெறும் சுமைகூலி. ஓரிடத்தில் ஏற்றியதை இன்னோரிடத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. ஈயின் உடம்புக்குள் கிருமி வளர்ந்து முதிர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மாட்டுத் தொழுவத்தில் இதே சுமைகூலி வேலையை ஊசி வைத்துச் செய்யும் ஈக்கள் இருக்கின்றன. தொழுவ ஈ பார்ப்பதற்கு வீட்டு ஈ போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் தலையின் முன்னால் ஒரு கறுப்பு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது பசுவின் காலில் குத்தும்போது வலி தாங்காமல் பசு காலை உதைக்கும், வாலை வீசும். பாதி குடித்த நிலையில் ஈ எழுந்து பக்கத்துப் பசுவின் மேல் போய் உட்கார்ந்து மீதியைக் குடிக்கும். அந்த ஓரிரு நிமிடத்தில் ஊசி முனையில் ஈரமாக ஒட்டியிருக்கும் கிருமி இடம் மாறிவிடுகிறது. மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாகப் புடைக்கும் தோல் கழலை நோய் இந்தியாவில் முதலில் 2019ஆம் ஆண்டு ஒடிசாவில் கண்டறியப்பட்டது. 2022இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஏராளமான மாடுகளைக் கொன்றது. அது பரவும் முக்கியமான வழி இதுதான்: கடிக்கும் ஈக்கள், கொசுக்கள், உண்ணிகள். மனிதருக்கு அது வராது. நோய் கண்ட மாட்டைத் தொழுவத்தின் மறுகோடியில் கட்டினால் போதாது. ஈ பறந்து எட்ட முடியாத தூரத்தில் கட்ட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இப்போது புரியும். ஊசி முனையில் ஒட்டிய கிருமிக்கு நேரமும் தூரமும் பகை.

ஊசி என்றதும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். எய்ட்ஸ் நோயாளியைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால்? பரவாது. கொசுவின் ஊசி மருத்துவரின் ஊசி போல ஒற்றைக் குழாய் அல்ல. ரத்தம் உள்ளே போக ஒரு குழாய், எச்சில் வெளியே வர இன்னொரு குழாய். குடித்த ரத்தத்தைக் கொசு திரும்ப நம் உடம்புக்குள் விடுவதில்லை. தன் எச்சிலை மட்டுமே விடுகிறது, ரத்தம் உறையாமல் இருப்பதற்காக. எச்.ஐ.வி. கிருமியைக் கொசு தன் வயிற்றில் சோறு போலச் செரித்துவிடும். நம் தடிப்புக்கும் அரிப்புக்கும் காரணம் அந்த எச்சில். நோய்க்குக் காரணமும் அந்த எச்சில்தான், அதற்குள் கிருமி வந்து சேர்ந்திருந்தால்.

எச்சிலுக்குள் எப்படி வந்து சேரும்? பால் வெட்டும் நண்பரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

டெங்கை எடுத்துக்கொள்வோம். அதைப் பரப்புவது ஏடிஸ் இனக் கொசு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள், பகலில் கடிக்கும். ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை உருவாக அதற்குப் புரதம் வேண்டும். டெங்கு வந்த ஒருவரை அது கடிக்கும்போது வைரஸ் ரத்தத்தோடு வயிற்றுக்குப் போகிறது. எச்.ஐ.வி. அங்கே செரித்துப் போய்விடும் என்றேன். டெங்கு வைரஸ் அப்படி அழியாமல் கொசுவின் குடல் சுவர்ச் செல்களுக்குள் நுழைந்து, அங்கே பெருகுகிறது. பெருகியபின் குடலைத் தாண்டி உடம்புக்குள் பரவுகிறது. கடைசியில் தலைப்பக்கம் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பிடிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் இந்தப் பயணத்துக்கு 8 முதல் 12 நாள் ஆகும். அது முடியும் வரை அந்தக் கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் யாருக்கும் டெங்கு வராது. முடிந்த பிறகு, சாகும் வரை ஒவ்வொரு கடியும் ஆபத்து.

இப்போது கொசுவின் ஆயுளைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெண் ஏடிஸ் கொசு இரண்டு முதல் நான்கு வாரம் வாழலாம். வாழலாம் என்றுதான் சொல்கிறேன். தட்டானும் பல்லியும் சிலந்தியும் நம் கைத்தட்டலும் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே முடித்துவிடும். ஒரு கொசு நோய் பரப்ப வேண்டுமென்றால், அது டெங்கு நோயாளி ஒருவரைச் சரியான நாளில் கடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பத்து நாள் போல உயிரோடிருக்க வேண்டும். பிறகு இன்னொருவரைக் கடிக்க வேண்டும். அதாவது ஆபத்து கிழட்டுக் கொசுவிடம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் நண்பரைக் கடிக்கும் நூறில் பெரும்பாலானவை இளம் கொசுக்கள், அல்லது எந்த நோயாளியையும் பார்க்காதவை. மரத்துக்கு மரம் ஒருவர் நடந்து போகும் இடத்தில் டெங்கு நோயாளி கிடைப்பது அரிது. அவருக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது என்பதும் உறுதியில்லை. டெங்கு வைரஸ் புகுந்தவர்களில் பலருக்கு அறிகுறி எதுவும் தெரியாமலே போய்விடும். அவர் வீட்டுக்குத் தெரியாமல் இரண்டாவது விருந்தாளியும் வந்து போயிருக்கலாம்.

வீட்டுக்குள் கதை வேறு. ஏடிஸ் கொசு ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடிக்காது; ஒருவர் அசைந்தால் எழுந்து அடுத்தவரிடம் போகும். ஒரே வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்துப் படுக்கையில் விழுவதற்கு ஒரு கிழட்டுக் கொசு போதும். சிக்குன்குனியாவும் ஜிகாவும் இதே கொசு வழியாகத்தான். 2021 ஜூலையில் நம் களியக்காவிளை எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் ஜிகா கண்டறியப்பட்டபோது நம் மாவட்டமும் விழிப்பானது அதனால்தான். சோதனைச் சாவடியில் மனிதரின் காய்ச்சலை அளக்கலாம், கொசுவை நிறுத்த முடியாது. இரு பக்கமும் ஒரே மழை, ஒரே ரப்பர், ஒரே கொசு.

மலேரியாக் கிருமிக்கும் கொசுவின் வயிற்றுக்குள் இப்படி ஒரு நாள் கணக்கு ஓடுகிறது என்பதை மனிதன் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். 1897 ஆகஸ்ட் மாதம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் மலேரியா நோயாளி உசேன் கானைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்தார். கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. கடித்த கொசுக்களை உடனே அறுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில நாள் உயிரோடு வைத்திருந்து, நான்காம் நாளான ஆகஸ்ட் 20 அன்று ஒன்றை அறுத்தபோது வயிற்றுச் சுவரில் கறுப்புப் பொட்டுகள் கொண்ட உருண்டைகளைக் கண்டார். மறுநாள் இன்னொன்றை அறுத்தார், உருண்டைகள் பெரிதாகியிருந்தன. வளர்கிறது என்றால் உயிர் இருக்கிறது. மறு வருடம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை வந்து அடுத்த பறவைக்குப் போவதையும் காட்டினார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகஸ்ட் 20 இன்றும் உலகக் கொசு நாள். நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பேர் மலேரியா உள்ள துறைமுகங்களுக்கு மீன்பிடிக்கப் போய்த் திரும்புகிறார்கள். ஒருவர் கிருமியோடு வந்தால், அதை இங்கே பரப்ப நல்ல தண்ணீரில் வளரும் அனோபிலஸ் கொசு வேண்டும், நாட்களும் வேண்டும். வந்தவுடன் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

யானைக்கால் நோயைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. வயதானவர்களுக்கு அது தெரிந்த நோய். மலையாளம் கலந்து பேசும் எல்லையோரத்தில் ‘மந்து’ என்பார்கள். நூலைப் போன்ற புழுக்கள் நம் நிணநீர்க் குழாய்களில் பல வருடம் வாழ்ந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ரத்தத்தில் விடுகின்றன. வியப்பு என்னவென்றால், அந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்கு மேல் தோலருகே உள்ள ரத்தக் குழாய்களுக்கு வருகின்றன. அவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அதே நேரத்தில்தான். சுகாதாரத் துறையினர் ராத்திரி வந்து கதவைத் தட்டி விரலில் ரத்தம் எடுத்ததைச் சிலர் நினைவு வைத்திருப்பார்கள். பகலில் எடுத்தால் புழு அகப்படாது. இந்தப் புழு கொசுவின் உடம்பில் வளர்கிறது என்பதை 1877இல் சீனத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டார். ராஸ் பின்னால் நடந்த பாதையை முதலில் வெட்டியவர் அவரே.

டெங்கு வைரஸ் போல இந்தப் புழு கொசுவுக்குள் பெருகுவதில்லை. ஒரு குஞ்சு போனால் ஒரு புழுதான் வளர்ந்து வரும், அதுவும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. எச்சிலோடு உள்ளே ஏறுவதும் இல்லை. கொசு குத்தும்போது ஊசியிலிருந்து நழுவித் தோலின் மேல் விழுந்து, குத்திய ஓட்டை வழியாக ஊர்ந்து போக வேண்டும். ஆகவே ஒன்றிரண்டு கடியில் யானைக்கால் வராது; மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடி வாங்கியவருக்கே வருகிறது. கால் வீங்குவதற்குப் பல வருடம் முன்பே புழு உடம்பில் இருக்கும் என்பதால்தான், நன்றாக இருப்பவர்களுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். ‘எனக்கொன்றும் இல்லையே’ என்று அதைச் சன்னல் வழியே எறிந்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடை போதும்; கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட நாற்றத் தண்ணீரும் அதற்குப் பிடிக்கும். கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் யானைக்காலைப் பரப்பிய மான்சோனியா கொசு இன்னும் தந்திரம் நிறைந்தது. மற்றக் கொசுப்புழுக்கள் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். மான்சோனியாப் புழு வருவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் தன் மூச்சுக்குழாயைச் செருகி, வேருக்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொண்டு அடியிலேயே தங்கிவிடும். தண்ணீரின் மேல் எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. செடியை அள்ளி எறிந்தால் சாகும். குளத்தில் பாசியும் தாமரையும் அள்ளுகிற வேலையைக் குளத்தின் அழகுக்கான வேலை என்று மட்டும் நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வயல்களில் நாற்று நட்டபின் நிற்கும் தண்ணீரில் வளரும் இன்னொரு கியூலெக்ஸ் வகை, மூளைக்காய்ச்சல் வகை ஒன்றைப் பரப்பக்கூடியது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் அது இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது. கொக்கு, நாரைகளின் ரத்தத்திலும் பன்றியின் ரத்தத்திலும் அந்த வைரஸ் பெருகும். மனிதனின் ரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றுமளவு பெருகாது. ஆகவே நோயாளிக் குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்குப் போகாது. அந்தச் சங்கிலியில் நாம் வழிதவறி வந்து மாட்டிக்கொள்பவர்கள். ஆனால் உயிர் போவது நமக்கு.

உண்ணிக்கு வருகிறேன். அறிவியல் கணக்கில் ஆறு கால் இருந்தால்தான் பூச்சி; உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் வளர்ந்தபின் எட்டுக் கால். தமிழில் எல்லாம் பூச்சிதான், நோய் பரப்பும் விதத்திலும் பெரிய வித்தியாசமில்லை. மாட்டு உண்ணி நம் கலப்பினப் பசுக்களை வாட்டுவது. ஒரு புதிர் சொல்கிறேன். இந்த உண்ணி குஞ்சிலிருந்து சாகும் பருவம் வரை ஒரே மாட்டில் ஒட்டியிருக்கும். முட்டையிட மட்டும் தரையில் விழும். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். வாழ்நாளில் ஒரு மாட்டை மட்டும் கடிக்கிற ஜீவன் அடுத்த மாட்டுக்கு எப்படி நோயைக் கொடுக்கும்? முட்டை வழியாக. கிருமி தாயின் உடம்பிலிருந்து முட்டைக்குள் புகுந்து, குஞ்சுகள் பிறக்கும்போதே நோயோடு பிறந்து, புல்லில் ஏறி அடுத்த மாட்டுக்குக் காத்திருக்கும். அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் இதை வெளியிட்டபோது, ஒரு பூச்சி நோய் பரப்புகிறது என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த தெளிவான முதல் சான்றுகளில் அது ஒன்றானது. பசு சிறுநீர் கழிக்கும்போது பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போனால், காய்ச்சலும் இருந்தால், அந்த உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

நமக்கு வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் கதையும் இதேதான். புதரில், எலி நடமாடும் புல்வெளியில் இருக்கும் கடுகைவிடச் சிறிய சிற்றுண்ணியின் குஞ்சு வாழ்நாளில் ஒரே முறைதான் கடிக்கும். கிருமி தாயிடமிருந்து வந்தது. விறகு பொறுக்கியவர், தோட்டத்தில் களை வெட்டியவர், காட்டோரம் ஒதுங்கியவர் ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியுமாக விழுவார். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடத்தில் பீடி சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. நோயாளியே அதைக் கவனித்திருக்க மாட்டார். சங்கோசப்படாமல் உடம்பு முழுவதும் பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்துக்கு இந்த நோய் நன்றாகக் கேட்கும். தாமதித்தால் உயிர்க்கே ஆபத்து.

இனி அந்த நாள் கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். ஏடிஸ் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் ஒரு கொசுவும் பிறக்காது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வேறு ஊர்களுக்கு ஒரு கொசுக்காலம் என்றால் நமக்கு இரண்டு. மழையில் பால்வெட்டு நிற்கும் நாட்களில்தான் மரத்துக்கு மரம் சிரட்டைகள் வாய் திறந்து தண்ணீர் பிடிக்கின்றன. ஓர் ஏக்கரில் நூற்றுக்கு மேற்பட்ட மரம் என்றால் அத்தனை கொசுத் தொட்டி. வேலை நிற்கும் அன்று சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது அரை நாள் வேலை. விழுந்து கிடக்கும் கமுகம்பாளை, கோழிக்கு வைத்த சட்டி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு இவையும் அதே கணக்கில் சேரும். இளம் ரப்பருக்கு நடுவே வைத்த அன்னாசியின் இலைக்கக்கத்தில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்க்க முடியாது; அங்கே வேலை செய்பவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வதுதான் வழி. புகை அடிக்கும் வண்டி வந்தால் மனத்துக்கு நிம்மதி வருகிறது. அது அப்போது பறக்கும் கொசுக்களை மட்டும் கொல்லும். சிரட்டைக்குள் இருக்கும் புழு சில நாளில் கொசுவாகும்.

இரண்டாவது, நோயாளி. டெங்கு வந்தவரின் ரத்தத்தில், காய்ச்சல் தொடங்க ஓரிரு நாள் முன்பிருந்து தொடங்கியபின் நான்கைந்து நாள் வரை, கொசுவுக்குத் தொற்றுமளவு வைரஸ் இருக்கும். காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். வலை அவரைக் காக்க மட்டும் அல்ல. அடுத்த பத்து நாள் கழித்துக் கடிபடப்போகும் பிள்ளைகளுக்காக. காய்ச்சல் இறங்கியதும் எழுந்து வேலைக்குப் போய்விட வேண்டாம். டெங்கில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் போன்றவை வருகின்றன. வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கென்று ஆஸ்பிரின், புரூஃபன் வாங்கிப் போடவே கூடாது.

நண்பர் கடைசியாகக் கேட்டார்: “தண்ணீரைக் கொட்டிவிட்டேன், வாளி காய்ந்தும் விட்டது. அடுத்த மழைக்கு எங்கிருந்து புழு வருகிறது?” ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வாளியின், சிரட்டையின் ஈரமான உட்சுவரில் ஒட்ட வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த மழை நனைத்ததும் பொரியும். கொட்டினால் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். அவர் எழுந்து போய்க் கையில் ஒரு பிடி கதம்பை நாரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.